தாழ்மையுடன் எழுதத் தெரிந்தவர்

அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே அகன்ற நெற்றி, கிளிமூக்கு, கனிவு சொட்டும் கண்கள் என்றெல்லாம் எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். ஈரக் குடை, மூக்குப்பொடி, நீல மை மூன்றும் கலந்த ஒரு வாசனை, நடுவில் நிப்பு தாளைச் சுரண்டும் சத்தம். எனக்கு அவர் அவ்வளவுதான். குரல் என் தோள்பட்டை உயரத்திலிருந்து வரும். அதனால் ஆள் குள்ளம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து இறங்கி வந்தால் கடைவீதியில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் துணிக்கடை. அதன் முன்வாசல் விறாந்தையில் ஒரு பழைய மேசையைப் போட்டுக்கொண்டு அவர் பெட்டிசம், அதாவது மனு, எழுதினார். சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் எழுதத் தெரியாத அத்தனை சனத்துக்கும் அவர்தான் வாய். எல்லோரும் பெட்டிசம் ஐயா என்றார்கள். சொந்தப் பெயரும் இருந்தது. ஆனால் பெட்டிசம் எழுதுகிறவன் அதில் தன் பெயரைப் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வினை வந்தால் கைநாட்டு வைத்தவன் தலையோடு போகட்டும் என்ற நல்லெண்ணம். அந்த வழக்கம் இப்போது எனக்கும் சௌகரியமாக இருக்கிறது.

அவர் எழுத்தில் சந்தோஷமாக இருந்தவர் ஒருவரும் கிடையாது. இரண்டு நாள் லீவு கேட்டு வந்தவனுக்கும் தாய் சாகக் கிடப்பாள். சம்பளம் சரியில்லை என்று வந்தவள் விதவையாகித் திரும்புவாள், புருஷன் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாலும் சரி. "தாழ்மையுடன் அடிபணிந்து" என்று தொடங்காமல் அவருக்குக் கை ஓடாது. வீட்டுக்கு மளிகைச் சாமான் எழுதும்போதுகூட அப்படித்தான் தொடங்குவார் என்று நானா சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் தோட்டத்து வீராயிக்கு லயத்து வரிசைவீட்டில் கூரை ஒழுகியது. ஒரு தகரம் மாற்றித் தரச் சொல்லி எழுதக் கேட்டாள். ஐயா எழுதினார் பாருங்கள், கூரை இடிந்து ஐந்து பச்சிளம் பாலகர்கள் மழையில் கிடக்கிறார்கள் என்று. அதைப் படித்த தோட்டத்துத் துரைக்கு மனம் இளகிவிட்டது. இளகினால் தகரத்தை அனுப்பிவிட்டுப் போக வேண்டியதுதானே, நேரிலேயே பார்க்கக் கிளம்பிவிட்டார். வீராயிக்குப் பிள்ளையே இல்லை. அக்கம்பக்கத்து லயத்தில் ஐந்து பிள்ளைகளை இரவல் வாங்கி, தலையில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினார்கள். அதில் ஒன்று துரையைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது. ஆனாலும் தகரம் வந்தது. "பாத்தீங்களா, நெசத்த எழுதியிருந்தா தகரம் வருமா?" என்று ஐயா அதை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கதையையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். பதினைந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது என் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டு போனது. தோட்டத்தில் அத்தனை பேர் கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டவர் அப்பா. சொந்த வீட்டில் அந்த மருந்து வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து என் பெயர் "பாவம்" ஆகிவிட்டது. பாவம் வருகிறாள், பாவம் சாப்பிடுகிறாள், பாவம் தும்முகிறாள். படித்தது போதும் என்று சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். கண்தான் போச்சு, காது இருக்கு. தங்கச்சி பாடப் புத்தகங்களை வாசிப்பாள், நான் கேட்டு மனதில் போட்டுக்கொள்வேன். பல்கலைக்கழகம் போயே தீருவேன் என்று நின்றேன். யார் தயவிலும் போகக்கூடாது, மார்க்கில் போக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்கு நான் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதலாம் என்று அனுமதி வந்தது. கூடவே விதிகளும் வந்தன. எழுதுகிறவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. என்னைவிடப் படித்தவராக இருக்கக்கூடாது. ஆனால் பிழையில்லாமல் வேகமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வாத்தியார்மார் என்னைவிடப் படித்தவர்கள், மற்றவர்கள் கையெழுத்துக்கே கட்டைவிரலை நீட்டுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில், எட்டாம் வகுப்போடு நின்று, முத்து முத்தாக எழுதிக்கொண்டு ஒரே ஒரு ஜீவன் இருந்தது.

அப்பா போய்க் கேட்டதும் ஐயா உச்சி குளிர்ந்துபோனாராம். இருக்காதா? இருபது வருஷமாக நல்ல கண்ணுள்ளவர்களையெல்லாம் "பார்வை இழந்த அபலை" என்று எழுதிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அசல் குருடியே கிடைத்துவிட்டாள்.

"பாப்பா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் எழுதினா கல்லும் கரையும்" என்றார் முதல் நாளே.

"கரைய வேணாங்க ஐயா. நான் சொல்றத மட்டும் எழுதுங்க. ஒரு சொல் கூடக்கூடாது, ஒரு சொல் குறையக்கூடாது."

"சொந்தமா ஒரு வார்த்த போடமாட்டேன் பாப்பா. முருகன் மேல சத்தியம்."

முருகனுக்கு இந்த மாதிரி எத்தனை சத்தியங்கள் நிலுவையில் இருக்கின்றனவோ.

மூன்று மாதம் பழகினோம். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் வரலாற்றைச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஒரு ராஜா தோற்றால் "ஐயோ பாவம்" என்பார். அதை எழுதிவிட்டாரா என்று நான் தங்கச்சியை விட்டுச் சரிபார்ப்பேன். முதல் மாதம் மூன்று பாவங்கள் பிடிபட்டன. இரண்டாம் மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் தாள் சுத்தமாக இருந்தது. அதற்குள் நானும் அவர் நிப்பைக் காதால் படிக்கப் பழகியிருந்தேன். என் ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் சுரண்டும் என்பது எனக்கு அத்துப்படி.

பரீட்சை கண்டியில், ஒரு பாடசாலையில். எங்கள் இருவரையும் தனியறையில் உட்கார வைத்தார்கள். நான் சொன்னேன், அவர் எழுதினார். இன்றைக்கும் தலைநிமிர்ந்து சொல்வேன், நன்றாகத்தான் சொன்னேன். கடைசி விடையைச் சொல்லி முடித்து முற்றுப்புள்ளி என்றும் சொல்லிவிட்டேன். நிப்பு நிற்கவில்லை.

"என்ன ஐயா எழுதுறீங்க?"

"சுட்டெண் பாப்பா. ஒங்க பரீட்சை நம்பர்."

நாலு வரி நீளத்துக்கு ஒரு சுட்டெண்ணா? கேட்டிருக்க வேண்டும். வெளியே காத்திருந்த அப்பா கொண்டுவந்த பணிஸ் ரொட்டியின் வாசனை அடித்தது, பசி வேறு. கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பணிஸை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எல்லோருக்கும் பெறுபேறு வந்தது. எனக்குக் கடிதம் வந்தது. அப்பாதான் உரக்க வாசித்தார். என் விடைத்தாளில் பரீட்சகருக்கு வேண்டுகோள் எழுதப்பட்டிருப்பதால் பெறுபேறு நிறுத்தி வைக்கப்படுகிறது, விளக்கம் தராவிட்டால் ரத்தாகும். எழுதப்பட்டிருந்ததையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். "தாழ்மையுடன் அடிபணிந்து கூறுவது. இரு விழிகளையும் இழந்த இந்த அபலை, ஏழு தங்கைமாருக்கு ஒரே துணையானவள், அன்புத் தந்தையையும் அண்மையில்..." அப்பா அந்த இடத்தில் நிறுத்தினார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. நான் செத்துட்டேன்" என்றார் அப்பா.

எனக்கு இருந்தது ஒரே தங்கச்சி. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருஷம் காதால் படித்த படிப்பு, நாலு வரி ஒப்பாரியில் போயிற்று. தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். அந்த விறாந்தையில் நான் கத்தியதை ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டிருப்பார்.

"சத்தியம் பண்ணீங்களே! யாரு உங்கள அழச் சொன்னது? என் படிப்பப் பாடையில கட்டிட்டீங்களே!"

அவர் மைக்கூட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்லாச் சொன்னீங்க பாப்பா" என்றார். "அவ்வளவு நல்லாச் சொன்னா கண்ணு தெரியாத புள்ள சொன்னதுன்னு யாரு நம்புவாங்க? கெட்டிக்காரின்னு விட்டுருவாங்க. கெட்டிக்காரிக்கு யாரு எரங்குவாங்க? அதான் நாலே நாலு வரி..."

"எனக்கு யாரும் எரங்க வேணாம்!"

"எரங்காம யாரு குடுத்திருக்கா பாப்பா?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

மறுநாள் காலை மேசை காலி. ஸ்டேஷனில் கோச்சி ஏறி எங்கோ போய்விட்டார் என்றார்கள். ஓடிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன், கறுவிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். நானா எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"அந்த மனுசன வையாதீங்க புள்ள. அவரு ஒரு காலத்துல நல்லா நிமிந்து எழுதினவருதான்" என்றார்.

நானா சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். பாட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்த எங்கள் சனத்துக்கெல்லாம் இந்த நாட்டில் குடியுரிமை இல்லை, வேண்டுமானால் விண்ணப்பித்துக் கொள்ளுங்கள் என்று சட்டம் வந்த நேரம். ஐயா தனக்கான விண்ணப்பத்தைத் தானே எழுதினார். நான் பிறந்தது இங்கே, என் அப்பன் மண்ணுக்குள் கிடப்பது இங்கே, கேட்பது என் உரிமை என்று எழுதி, கீழே பெரிய பெரிய இடங்களுக்கு நகல் என்றும் போட்டு, ஏழு தபால் அனுப்பினார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாருக்கெல்லாம் நகல் அனுப்பினாய், நீ என்ன பெரிய ஆளா என்று கேட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதே வாரம் பக்கத்து லயத்து ஆள் ஒருவருக்கு அவரே காலில் விழுந்த மாதிரி எழுதிக் கொடுத்தது நிறைவேறிவிட்டது. அன்றோடு உரிமை, நகல் இரண்டு சொல்லையும் அவர் பேனா மறந்துவிட்டது.

"அதுக்காக என் தலையில கை வைக்கணுமா நானா?" என்று கேட்டேன். கோபம் போகவில்லை. பாதிதான் போயிருந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நேரே எங்கள் வீட்டுக்கு.

"கொழும்புல அந்தப் பரீட்சைக் கந்தோருக்கே போய்ட்டு வந்தேன் பாப்பா. புள்ளைக்குத் தெரியாது, நாந்தான் என் புத்தியில எழுதினேன்னு ஒரு தாள் எழுதிக் குடுத்துட்டேன். கீழ என் பேரு, தகப்பன் பேரு, விலாசம் எல்லாம் போட்டுட்டேன்."

பெட்டிசக்காரர் பெயர் போட்டார். குடியுரிமையில்லாத மனுஷன், ஒரு சர்க்கார் அலுவலகத்தில் போய், குற்றம் செய்தது நான்தான் என்று விலாசத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்குக் குரல் என் தலைக்கு மேலிருந்து வந்தது. வாசற்படியில் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அதுலயும் தாழ்மையுடன் போட்டீங்களா?" என்று கேட்டேன். கிண்டல் இல்லாமல் பேச எனக்கும் வராது.

"மறந்துட்டேன் பாப்பா" என்றார்.

இனி ஆயுளுக்கும் எந்தப் பரீட்சையிலும் அவர் யாருக்காகவும் எழுதக்கூடாது என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்குப் பெறுபேறு வந்தது. நல்ல மார்க்கு.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். உள்ளவற்றில் ஒன்று. மாற்றுத் திறனுள்ள மாணவருக்கு உதவி, வசதி என்று இந்தக் காலத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் வசதிக்கு ஒரு குறைவும் இருக்கவில்லை. விடுதியில் எனக்கு மூன்றாம் மாடியில் அறை கொடுத்தார்கள், அங்கிருந்து பார்த்தால் மலைக்காட்சி அருமையாக இருக்குமாம். விரிவுரைக்குப் படியேறிச் சிரமப்பட வேண்டாம், வராவிட்டாலும் வந்ததாகப் போட்டுக்கொள்கிறோம் என்று ஒருவர் பெருந்தன்மையோடு சொன்னார். புத்தகசாலைக்குள் நான் தாராளமாகப் போகலாம். ஆனால் எனக்கு யாரும் வாசித்துக் காட்டக்கூடாது, அங்கே மௌனம் கட்டாயம். ஆக, ஐம்பதினாயிரம் புத்தகங்களுக்கு நடுவில் நான் மௌனமாக உட்கார்ந்திருக்கலாம். புத்தகங்களின் வாசனை இலவசம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். முதல் வருஷப் பரீட்சைக்கு எழுத ஆள் வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டு எழுதினேன். அறைத் தோழி கையால் நேரான கடிதம். பதில் இல்லை. மறுபடி எழுதினேன், அதற்கும் இல்லை. நேரில் போனால், "முன்னுதாரணம் இல்லை" என்றார்கள். எனக்கு முன்னால் குருடர் யாரும் வரவில்லையாம், அது என் குற்றமாம். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. எழுதாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த விடுமுறையில் ஊருக்கு வந்தவள், யாரிடமும் சொல்லாமல் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். அந்தப் பாதை நெடுக மனதில் வேறு யாரையும் திட்டவில்லை, என்னைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

"ஐயா, எனக்கு ஒரு பெட்டிசம் எழுதுங்க" என்றேன். "உங்க பாணியில. அழணும். குருடி, அபலை, ஏழு தங்கச்சி, என்ன வேணும்னாலும் போடுங்க. அப்பாவ இன்னொரு தடவ கொன்னாலும் பரவாயில்ல. எழுத ஆளும் நேரமும் கெடைச்சாப் போதும்."

மூன்றாம் மாடி, புத்தகசாலை, பதில் வராத இரண்டு கடிதம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்க்க உட்கார்ந்து அழுதேன். கண் தெரியாவிட்டாலும் அழ வரும், அதில் குறையில்லை.

அவர் நிப்பைக் கீழே வைத்தார். "இங்க வச்சு எழுதுற பெட்டிசம் இல்ல பாப்பா இது. வீட்டுல வச்சு, நல்ல தாள்ல எழுதணும். நீங்க கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றார். என் கையைப் பிடித்து வெற்றுத் தாளில் ஓர் இடத்தில் வைத்தார். தடவிப் பார்த்தேன், தாளின் மேல்விளிம்பிலிருந்து அரைச் சாண்தான் இருந்தது.

"இவ்வளவு மேலயா? கீழ வைக்க வேணாமா ஐயா?"

"பரவால்ல பாப்பா. மிச்சம் பின்பக்கம் வரும்."

அழுகை அவ்வளவு நீளம் போலும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பத்தே நாள். பல்கலைக்கழகக் கந்தோரில் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எழுத ஆள் உண்டு, மணிக்குக் கால் மணி கூடுதல் உண்டு, கீழ்மாடியில் அறை உண்டு. புத்தகசாலையில் ஒரு சிறிய அறையைக் கதவோடு ஒதுக்கி, அங்கே வாசித்துக் காட்டலாம் என்றார்கள். ஓர் உத்தியோகத்தர் எனக்குத் தேநீர்கூட வரவழைத்தார். நான் அதை ஆறவிட்டேன். நேராகக் கேட்டபோது முன்னுதாரணம் இல்லை, காலில் விழுந்ததும் கதவு திறந்துவிட்டது. ஐயா சொன்னதுதான் சரி, இரங்காமல் யார் கொடுத்திருக்கிறார்கள்? மூன்று வருஷம் அந்தச் சலுகையில் படித்தேன். யாராவது நல்ல மார்க்கு என்று பாராட்டினால் உடம்பு கூசும். என்னுடைய படிப்பு அழுது வாங்கிய படிப்பு என்று எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. ஊருக்குப் போனாலும் விறாந்தைப் பக்கம் போவதில்லை. அவர் முகத்தில் விழிக்க வெட்கம் என்று சொன்னால், என் விஷயத்தில் அது சரியான சொல்லா என்று தெரியவில்லை.

கடைசி வருஷம் முடிந்து சான்றிதழ் விஷயமாகக் கந்தோருக்குப் போனேன். என் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் சிரித்தார்.

"பிள்ளை, அந்தக் கடிதம் உம்மட தானே? இந்தக் கந்தோரையே ஒரு கிழமை நித்திரை கொள்ளாமப் பண்ணின கடிதம்."

"அவ்வளவு அழுகையா இருந்துச்சா?"

"அழுகையோ? ஆர் அழுதது? பொறும், வாசிக்கிறன்."

வாசித்தார். "ஐயா, நான் இங்கு அனுமதி பெற்றது என் புள்ளிகளினால். நான் பரீட்சை எழுத, எழுதுபவர் ஒருவரும் மேலதிக நேரமும் தேவை. வாசித்துக் கேட்க ஓர் இடமும் கீழ்மாடி அறையும் தேவை. இதை இரண்டு முறை கேட்டுவிட்டேன். கேட்பது தயவு அல்ல, மற்றவர்களைப் போல எழுதி முடிப்பதற்கான வழி."

"முன்னாடி? தாழ்மையுடன்னு?"

"இல்லை."

"அபலை? ஏழு தங்கச்சி?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. அஞ்சு வரி. கீழ உம்மட கையெழுத்து. அதுக்குக் கீழ 'இதை எழுதிக் கொடுத்தவர்' எண்டு ஒருத்தற்ற பேரும் விலாசமும். பிறகு தாளின்ட பின்பக்கத்திலதான் விசயம் இருக்கு." அவர் தாளைத் திருப்பினார். "நகல் எண்டு போட்டுப் பதினொரு பேர். மந்திரிமார், பேப்பர்காரர், ஆரையும் விடேல்லை. எங்கட பெரியவர் அதைப் பாத்துத்தான் நடுங்கிப் போனவர்."

நான் அழுதேன், அவர் அந்த அழுகையை எழுதவில்லை. முதல் தடவை நான் நிமிர்ந்து சொன்னேன், அவர் எனக்குத் தெரியாமல் அழுதார். அடுத்த தடவை நான் அழுதேன், அவர் எனக்குத் தெரியாமல் நிமிர்ந்துவிட்டார். இரண்டு தடவையும் மனுஷன் குருடியை ஏமாற்றிவிட்டார். மூன்று வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்த முள் முள்ளே இல்லை. அந்த மேசை முன்னால் நின்று சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. கிளார்க் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த கோச்சியில் கொட்டகலையில் இறங்கினேன். மழை. விறாந்தையில் அதே ஈரக் குடை, அதே மூக்குப்பொடி. யாரோ ஒரு பெண் அவர் மேசை முன்னால் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஏன் நான் சொன்னத எழுதல?" என்றேன், வந்தேன் என்றுகூடச் சொல்லாமல்.

"யாரு, பாப்பாவா? நீங்க சொன்னதத்தான் எழுதினேன்" என்றார். "பரீட்சைக்கு முந்தி மூணு மாசம் சொன்னீங்களே, ஒரு சொல் கூடக்கூடாதுன்னு. அது ஒங்க வார்த்த. அன்னைக்கு அழுதுகிட்டுச் சொன்னது என் வார்த்த. என் வார்த்தைய நீங்க எதுக்குச் சொல்லணும்? அது எனக்குப் பொறுக்கல பாப்பா."

"பேரு வேற போட்டிருக்கீங்க. பதினொரு பேருக்கு நகல். பயமாயில்லையா ஒங்களுக்கு? பழையபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தா?"

கடைக்குள்ளிருந்து நானா சிரித்தார். "என்ன பதினொண்ணு? அன்னைக்கு எங்கிட்ட ஒரே ஒரு தபால் முத்திரதான் புள்ள வாங்கினாரு."

ஐயா மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டார். "போன தடவ ஏழும் நெசமாவே அனுப்பிக் கெட்டேன். அதான் இந்தத் தடவ பேர மட்டும் போட்டேன்."

விசும்பிக்கொண்டிருந்த பெண் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மகளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப் போய்விட்டது. ஸ்கூல் படி ஏற முடியாத பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஐயா தாளை எடுத்து நீவுவது கேட்டது. நிப்பு மையில் முங்கியது. அது எந்தச் சொல்லை எழுதப்போகிறது என்று என் காதுக்குத் தெரியும். ஒரு நல்ல காரியம் செய்தால் மனுஷன் உடனே மாறிவிடுவாரா என்ன?

"நிறுத்துங்க" என்றேன். முக்காலியைத் தடவி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஐயா, என் மகளுக்குப் படிக்க வயசு வந்துவிட்டது. கீழே ஒரு வகுப்பறை தேவை."

நிப்பு சுரண்டியது. நான் சொன்ன நீளத்துக்கு மட்டும் சுரண்டி நின்றது.

"நகல் போடலாமா பாப்பா?"

"போடுங்க. பதினொண்ணு."

"கீழ எழுதினவரு பேரு?"

"ரெண்டு பேரோடதும்."

அவர் தாளைத் திருப்பினார். அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி, எத்தனை முத்திரை வாங்க வேண்டும் என்று பயந்து பயந்து கேட்டாள்.

"ஒண்ணு போதும் தாயி" என்றோம் இரண்டு பேரும்.